மடுவில் இருப்பது எந்த மீன்? காவிரியோரம் ஆறு நாள்

முதல் நாள்: ஒகேனக்கல்

விடியுமுன் கரூரில் கிளம்பி நாமக்கல், சேலம், தருமபுரி, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. வண்டி ஓட்டியது தம்பி. பள்ளியில் விலங்கியல் நடத்தும் எனக்கு அரையாண்டு விடுமுறை, அவனுக்கு ஒரு வாரம் லீவு. கூன்முதுகு மஹ்சீர் என்ற பெரிய கெண்டை, அந்த ஒரே ஒரு மீனை முன்னிட்டுக் காவிரியையும் அதன் கிளையாறுகளையும் பார்த்துவிட்டு வரலாம் என்று புறப்பட்டிருக்கிறோம். அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதிப் போட்டுவிடுவதாக எண்ணம்.

பரிசல் துறைக்குப் போகும் வழியெல்லாம் மீன் வறுக்கும் அடுப்புகள். மசாலா தடவிப் பரப்பி வைத்த தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி, ஓரிரு தட்டில் வாளை. முதல் மூன்றும் கங்கைப் பக்கத்து மீன்கள், நம் ஆறுகளுக்குக் கொண்டுவந்து விடப்பட்டவை. ஜிலேபியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. காவிரிக்கே உரிய கருமுழிக் கெண்டை இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்கார அம்மா கரண்டியை நிறுத்தாமலே சொன்னார்: "அது எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு வரும்மா. வந்தா எங்க வீட்டுக்கே ஆயிரும்."

பரிசல்காரருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். பாறைச் சுவர்களுக்கு நடுவே தண்ணீர் பச்சையாக, ஆழம் தெரியாமல் கிடந்தது. "பூமீன் இருக்குங்களாண்ணா?" என்று கேட்டேன். மஹ்சீரை இங்கே பூமீன் கெண்டை என்பார்கள்.

"இருக்குமே. மேல பிலிகுண்டு பக்கம் நல்லாவே இருக்கு."

"துடுப்பு என்ன நிறம்ணா?"

துடுப்பு போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க கேக்கறது பழைய மீனு. முதுகு கூன் கட்டினாப்புல இருக்கும், துடுப்பு செவசெவன்னு இருக்கும். ஒரு ஆளால தூக்க முடியாது. அது எங்கப்பா காலத்துல. இப்ப வர்றதுக்குத் துடுப்பு கருநீலமா இருக்கும். ரெண்டுக்கும் பேரு ஒண்ணுதான்."

அவர் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். நான் எதற்காக வந்தேனோ அது இந்த நாலு வரியில் இருக்கிறது.

அவருடைய அப்பா காலத்து மீன் கூன்முதுகு மஹ்சீர். உலகத்திலேயே காவிரிப் படுகையில் மட்டும்தான் உண்டு. 1946இல், வேட்டை விலங்குகளைப் பாடம் செய்துவந்த மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினியில் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. மஹ்சீர் தூண்டிலில் இன்றைக்கும் பேசப்படும் எடை அது. அந்த அளவுக்கு வளர ஒரு மீனுக்கு ஆழமான மடு வேண்டும், புதுவெள்ளத்தில் எதிர்த்து ஏறத் தடையில்லாத ஆறு வேண்டும், மீன் பிடிக்க யாரும் பல ஆண்டுகள் தோட்டா வெடிக்காமல் இருக்க வேண்டும். மூன்றும் குறைந்துகொண்டே வந்தன.

மீன் குறைகிறது என்று கவலைப்பட்டவர்கள் குஞ்சு விட்டார்கள். நல்லெண்ணத்தில்தான் விட்டார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மகாராஷ்டிரத்தில் லோனாவாலா அருகே டாடா மின் நிறுவனத்தின் பொரிப்பகத்தில் மஹ்சீர் சினையைச் செயற்கையாகப் பொரிக்க வைக்கும் முறை வெற்றி பெற்றிருந்தது. 1970களிலிருந்து அந்தக் குஞ்சுகள் காவிரிக்கு வந்தன. ஆனால் அவை நீலத்துடுப்பு மஹ்சீர், டோர் குட்ரீ. 1839இல் சைக்ஸ் என்பவர் பூனாவை ஒட்டிய ஆற்றில் கண்டு பெயர் வைத்த கிருஷ்ணா படுகை மீன். அப்போது காவிரியின் கூன்மீனுக்கு முறையான அறிவியல் பெயர்கூட இல்லை. எல்லாம் மஹ்சீர்தானே என்று விட்டுவிட்டார்கள்.

விளைவைத் தூண்டில்காரர்களின் குறிப்பேடுகளே காட்டிக்கொடுத்தன. மேலே கர்நாடகத்துக் கலிபோரே முகாமில், தூண்டிலில் மீனைப் பிடித்து எடை பார்த்துத் திரும்ப ஆற்றில் விட்டுவந்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தக் கணக்குகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். மஹ்சீர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிருந்தது. கூன்மீன் அதில் குறைந்துகொண்டே வந்திருந்தது. மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் ஆறு செழிப்பாக இருப்பதாகத் தோன்றும். எந்த மீன் என்று கேட்டால்தான் காலியாகிக்கொண்டிருப்பது தெரியும்.

வறுத்த மீன் இன்று எனக்கு இறங்கவில்லை. தம்பி இரண்டு துண்டு சாப்பிட்டான்.

இரண்டாம் நாள்: மேட்டூர்

சின்ன நாள். அணைப் பூங்காவில் சுற்றுலாக் கூட்டம். 1934இல் இந்த அணை எழும்பியபோது மஹ்சீருக்கு முன்னால் அடிபட்டது உல்லம். கடலிலிருந்து கொள்ளிடம் வழியாகக் காவிரிக்குள் ஏறி முட்டையிட்டுத் திரும்பும் மீன் அது. வங்காளிகள் உயிரை விடும் இலிஷ் மீனும் இதுவும் ஒன்றுதான். புதுவெள்ளம் அணைக்குள் அடைபட்டதும் உல்ல வரத்து சரிந்தது. எங்கள் பக்கத்தில் இன்றைக்கு உல்லம் என்று சொன்னால் எந்தக் குழந்தைக்கும் தெரியாது.

சுவரின் மேல்பக்கமும் கீழ்பக்கமும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கூன்மீனுக்கு ஒரே ஆறாக இருந்தது 1934க்குப் பிறகு இரண்டு ஆறு.

மூன்றாம் நாள்: பவானிசாகர்

பவானி கூடுதுறையில் குளித்துவிட்டு, கோபி வழியாகக் கொடிவேரி அணைக்கட்டைப் பார்த்தபடி பவானிசாகர். மோயாறு வந்து பவானியில் சேரும் இடம் இப்போது நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. கரையில் தங்கூஸ் வலையை உதறிக் காயவைத்துக்கொண்டிருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "கட்லா விடறாங்கங்க, கட்லா புடிக்கறோமுங்க" என்றார். கோழிமீன் வருமா என்றால், "எங்க மாமன் சொல்லுவாருங்க" என்று சிரித்தார். நீலகிரி அடிவாரத்து ஆறுகளுக்கே உரிய ஒரு கெண்டைக்கு இங்கே கோழிமீன் என்று பெயர். பெயர் மட்டும் மாமன் வாயில் தங்கியிருக்கிறது.

இரவு சாப்பிடும்போது தம்பி கேட்டான்: "ஏங்க்கா, தப்பான குஞ்சை விட்டதுதானே பிரச்சினை? கூன்மீனையே நாலு பிடிச்சு, பொரிச்சு, லட்சக்கணக்குல விட்டுட்டா முடிஞ்சுது இல்ல?"

வகுப்பில் இதை இரண்டு பீரியட் எடுப்பேன். இட்லி ஆறுவதற்குள் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு மடுவில் முட்டையிடும் மீன் ஐம்பது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மீனும் தன் மரபணுக்களில் பாதியைத்தான் ஒரு குஞ்சுக்குக் கொடுக்கும். எந்தப் பாதி போய்ச் சேரும் என்பது குலுக்கல் சீட்டு மாதிரி. அபூர்வமான ஒரு மரபணு வடிவம் யாருக்கும் விழாமல் போனால் அது போனதுதான். கணக்குப் போட்டால், ஐம்பது மீனும் சமமாகக் கலந்து இனம் பெருக்கினால்கூட, தலைமுறைக்கு நூற்றில் ஒரு பங்கு வேறுபாடு கரையும். பத்தே மீன் என்றால் நூற்றில் ஐந்து. ஆறு திறந்திருந்தால் வேறு மடுவிலிருந்து ஏறிவரும் ஒன்றிரண்டு மீன் அந்த இழப்பை ஈடுகட்டிவிடும். அணை வந்தால் அந்த வரத்தும் நின்றுபோகும்.

இப்போது நாலு மீனை மட்டும் பிடித்து லட்சம் குஞ்சு பொரித்தால்? லட்சமும் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி. ஆற்றில் மிச்சமிருக்கும் ஐம்பது மீனின் பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடுவார்கள். தலை எண்ணிக்கை ஏறும், உள்ளே இருக்கும் வகை இறங்கும். ஒரு புது நோய் வந்தால், ஒரு வருஷம் தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடானால், தாங்குகிற மரபணு யாரோ ஒருவரிடம் இருக்க வேண்டுமே? எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றால் ஒருவரிடம் இல்லாதது பெரும்பாலும் இன்னொருவரிடமும் இருக்காது.

"அப்ப பொரிக்கவே கூடாதா?" என்றான்.

பொரிக்கலாம். எத்தனை தாய், எத்தனை தகப்பன், எந்த மடுவிலிருந்து என்று எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் மரபணுவையும் பார்த்து ஜோடி சேர்த்து, அதே ஆற்றில் விடலாம். அதற்கு முன்னால் மடுவில் இருப்பது எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நான்காம் நாள்: தெப்பக்காடு

கோத்தகிரி ஏறி, ஊட்டி வழியாகக் கூடலூர் இறங்கி முதுமலை. இ-பாஸ் முன்பே எடுத்து வைத்திருந்தோம். யானை முகாமுக்குக் கீழே பாலத்தடியில் மோயாறு கலங்கலாக ஓடியது. ஆற்றில் இறங்க அனுமதி கிடையாது, இருக்கவும் கூடாது. பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மான்கள் தண்ணீர் குடித்துவிட்டுப் போயின. கூன்மீனை நான் பார்க்கவில்லை.

ஆனாலும் இந்த ஆறு எனக்குக் கோயில் மாதிரி. காவிரி முழுக்கத் தேடியும் கிடைக்காத கூன்மீன், இதே ஆற்றின் கீழ்ப்பகுதியில், மனிதர் எளிதில் போக முடியாத பள்ளத்தாக்கில் உயிரோடு இருப்பது தெரியவந்தது. அந்த மீன்களை வைத்துத்தான் இந்திய, இங்கிலாந்து ஆய்வாளர்கள் சேர்ந்து 2018இல் அதன் பெயர்ச் சிக்கலை அவிழ்த்தார்கள்.

அவிழ்த்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்த மாதிரி ஆய்வில் மீனைக் கொல்ல வேண்டியதில்லை. துடுப்பின் ஓரத்தில் நகத்துணுக்கு அளவு நறுக்கிச் சாராயத்தில் போட்டுவிட்டு மீனை ஆற்றில் விட்டுவிடலாம், துடுப்பு திரும்ப வளர்ந்துவிடும். அந்தத் துணுக்கின் டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட ஒரு பகுதியை, சுமார் 650 எழுத்துகளை, படித்து மற்ற மீன்களோடு ஒப்பிடுவார்கள். மோயாற்று மீனை ஒப்பிட்டபோது அது நீலத்துடுப்பு மீனோடு சேரவில்லை. இங்கிருந்து தெற்கே வெகுதூரத்தில், கேரளத்துச் சின்னாறு சரணாலயத்துக்குள் ஓடும் பாம்பாற்றில் சிறிய மீன்களை வைத்து ஏற்கெனவே விவரிக்கப்பட்டிருந்த ஓர் இனத்தோடு போய்ச் சேர்ந்தது. டோர் ரேமாதேவி. சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வு மையத்தில் மீன்களோடே வாழ்நாளைக் கழித்த கே. ரேமாதேவியின் பெயர். நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக வேட்டைக்காரர்கள் பேசிவந்த ராட்சத மீனுக்கு, அமைதியாக ஆய்வு செய்த ஒரு தமிழ்நாட்டு ஆய்வகப் பெண்மணியின் பெயர் அமைந்திருப்பதை ஒவ்வொரு ஆண்டும் என் மாணவிகளிடம் சொல்லாமல் விடுவதில்லை.

பெயர் கிடைத்த அதே 2018இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யு.சி.என்) செம்பட்டியலில் மிக ஆபத்தான நிலை என்ற வகையில் அது சேர்க்கப்பட்டது. பெயரில்லாத மீனைப் பட்டியலில் சேர்ப்பதுகூட எளிதில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். நீலத்துடுப்பு மஹ்சீரோ அதே சமயத்தில் ஆபத்துப் பட்டியலிலிருந்து கீழே இறங்கியது.

இன்னொன்றும் உண்டு. அந்த 650 எழுத்தும் மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பவை, தாயிடமிருந்து மட்டும் வருபவை. காவிரியின் ஒரு மடுவில் கூன்மீன் தாயும் நீலத்துடுப்புத் தகப்பனும் சேர்ந்து குஞ்சு பொரித்திருந்தால், அந்தச் சோதனையில் அந்தக் குஞ்சு முழுக் கூன்மீன் என்றே வரும். தகப்பன் யார் என்பது தெரியவே தெரியாது. கலப்பு நடக்கிறதா என்று பார்க்க உட்கருவின் டி.என்.ஏ.வையும் படிக்க வேண்டும். மஹ்சீர்களில் அது கடினமான வேலை. கெண்டைக் குடும்பத்தில் பலவற்றுக்குக் குரோமோசோம் 50, மஹ்சீருக்கு 100. எப்போதோ முன்னோரில் மொத்தத் தொகுதியும் இரட்டித்திருக்கிறது. பல மரபணுக்களுக்குச் சாயலில் ஒத்த இன்னொரு ஜோடி இருக்கும், எது எது என்று பிரித்துப் படிக்கப் பொறுமை வேண்டும். வருங்காலத்தில் ஒரு பொரிப்பகம் கூன்மீனுக்கு வருமானால், தாய்மீன் தேர்வை அந்தச் சோதனை இல்லாமல் செய்யக்கூடாது என்பது என் திடமான கருத்து.

மேலே பைக்காராவில் 1932லிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். மோயாற்றில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் மழையின் கையில் மட்டும் இல்லை. பாலத்தின் அடியில் ஈரக்கோடு தெரிந்தது, நேற்றோ முந்தாநாளோ தண்ணீர் அங்கே நின்றிருக்கிறது.

ஐந்தாம் நாள்: உடுமலைக்குப் பயணம்

நாள் முழுக்க வண்டியில். மேட்டுப்பாளையம், கோவை, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை.

வழியில் வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒன்று செய்து பார்த்தேன். மோயாற்றில் இருக்கும் ஒரு மீன், பாம்பாற்றில் இருக்கும் தன் சொந்தத்தைப் பார்க்கத் தண்ணீர் வழியாகவே போக வேண்டும் என்றால்? முதலில் பவானிசாகர் அணை. தாண்டினால் கொடிவேரி. கூடுதுறையில் காவிரிக்குள் இறங்கினால் வெண்டிபாளையம் உட்பட வரிசையாகக் கதவணைகள். கரூரை அடுத்துத் திருமுக்கூடலூரில் அமராவதிக்குள் திரும்ப வேண்டும். அது என் ஊர் ஆறு. அப்பாரு அதில் வீச்சு வலை போட்டவர். நான் பிறந்த பிறகு அந்த ஆற்றைச் சாயத்தண்ணீரின் நிறத்தில்தான் பல வருஷம் பார்த்தேன். அதையும் தாண்டி மேலேறினால் 1950களில் கட்டிய அமராவதி அணை, அதற்கும் மேலே பாம்பாறு.

வரைபடத்தில் விரலை நகர்த்த அரை நிமிஷம் ஆனது.

அப்படியானால் மோயாற்று மீனைப் பிடித்துப் பாம்பாற்றில் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று தம்பி கேட்டான். இதற்கு என்னிடம் வேகமான பதில் இல்லை, இருக்கவும் கூடாது என்று நினைக்கிறேன். இரண்டு ஆறும் அணைக்கு முன்பு எவ்வளவு கலந்திருந்தன, அணைக்குப் பின் எவ்வளவு விலகின என்பதைப் படித்த பிறகுதான் யாரும் வாளியைத் தூக்க வேண்டும். தாமிரபரணியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நீண்ட இழை இழையாக முதுகுத்துடுப்பு நீளும் ஒரு குட்டிக் கெண்டை. 1954இல் சைலஸ் என்ற மீன் ஆய்வாளர் விவரித்தபோது, காவிரி மீனின் உள்வகை என்றே கருதி ஆற்றின் பெயரை வைத்தார். இன்றைக்கு ‘டாக்கின்சியா தாம்பிரபர்ணியை’ என்ற அறிவியல் பெயரோடு அது தனி இனம். ஒன்றுதானே என்று அன்றைக்கு யாராவது அங்கும் இங்கும் மாற்றி விட்டிருந்தால் அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவே முடியாமல் போயிருக்கும்.

ஆறாம் நாள்: சின்னாறு, கூட்டாறு

காலையில் அமராவதி அணை, முதலைப் பண்ணை, பிறகு காட்டுச்சாலை. சின்னாறு சோதனைச்சாவடியில் பெயர் எழுதி, கட்டணம் கட்டி, வழிகாட்டியோடு கூட்டாற்றுக்கு நடந்தோம். மலைக்கிராமத்துப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும். "டீச்சருங்களா? அப்ப மெதுவா போலாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு மெதுவாகவே நடந்தான்.

மேற்குத் தொடர்ச்சி மலை என்றால் மனதில் வரும் பச்சை இங்கே கிடையாது. மழை மறைவுப் பிரதேசம். முள்ளும் கள்ளியும் காய்ந்த புல்லும். அதற்கு நடுவே ஆற்றோரம் மட்டும் நீர்மருதுகள் வானத்தை மறைத்து நிற்கின்றன. வெயிலில் அரை மணி நடந்து அந்த நிழலுக்குள் இறங்கியபோது உடம்பே மாறிப்போனது.

சின்னாறும் பாம்பாறும் சேரும் இடம் அகலமில்லை. ஒரு பக்கத் தண்ணீர் கொஞ்சம் கலங்கல், மறுபக்கம் தெளிவு, பத்தடி தூரம் கலக்காமல் சேர்ந்தே ஓடுகின்றன. கேரளத்தில் கிழக்கே ஓடும் ஆறுகள் மூன்றே மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. மூன்றும் காவிரிக்குப் போகின்றன. அந்த மூன்றில் மிகச் சிறியதான இதிலிருந்துதான் பெயர் கிடைத்தது. 54 கிலோ மீனின் அடையாளம், தாண்டிக் குதிக்கலாம் போன்ற இந்த ஆற்றில் இத்தனை காலம் இருந்திருக்கிறது.

பெரிய மீன் இருக்கிறதா என்று பையனிடம் கேட்டேன். "மழைக்காலத்துல மேல ஏறுமுங்க. இப்ப அந்தப் பாறைக்கடியில சின்னது நிக்கும். சத்தம் போடாம வாங்க, நிழலு தண்ணியில விழக்கூடாது."

பாறையின் மேல் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தோம், மூன்று பேரும். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியதும் நீரோட்டத்தை எதிர்த்து அசையாமல் நிற்கும் ஏழெட்டு உருவங்கள், ஒரு சாண் நீளம். பெரிய செதில்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணலாம் போல. ஒன்று திரும்பியபோது வெயில்பட்டது, துடுப்பு ஆரஞ்சு நிறத்தில் பளிச்சிட்டு அணைந்தது.

தம்பி என் கையைப் பிடித்து அழுத்தினான். "அதுதானாக்கா?"

சின்ன வயதில் முதுகு கூனாது. ஆரஞ்சுத் துடுப்பு மேலிருந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் அடையாளமும் இல்லை. ஒரு நகத்துணுக்கு வேண்டும், ஒரு ஆய்வகம் வேண்டும். அதையெல்லாம் அவனுக்கே நாலு நாளாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். அந்த நிமிஷம் வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

பையன் என் தோளைத் தொட்டு, கொஞ்சம் பின்னால் நகரச் சொன்னான். வெயில் சாய்ந்ததில் என் தலையின் நிழல் பாறையைத் தாண்டித் தண்ணீரை எட்டிக்கொண்டிருந்தது. நகர்வதற்குள் விழுந்துவிட்டது. எல்லாம் ஒரே வீச்சில் ஆழத்துக்குப் போய்விட்டன. கால் மணி நேரம் மூச்சுவிடாமல் காத்திருந்தோம்.

"இருட்டறதுக்குள்ள செக்போஸ்ட் போயிரணுமுங்க டீச்சர்" என்றான். எழுந்து முழங்கையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டபோது, தம்பி இன்னும் பாறையிலேயே படுத்திருந்தான்.